சிவப்புப் பட்டனும் சோழர் சரித்திரமும்

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து, "கல்லூரி வாழ்க்கையில் மறக்க முடியாத சம்பவம் ஒன்று எழுதிக் கொடுங்கோ" என்றார்கள். அந்தத் தலைப்பில் இதற்குள் பத்துக் கட்டுரையாவது வந்து சேர்ந்திருக்கும். அவற்றில் பாதி கான்டீன் போண்டாவைப் பற்றியதாக இருக்கும். போண்டா மேல் எனக்கு விரோதம் கிடையாது. ஆனாலும் நான் சரித்திர மாணவன். அதனால் ஒரு சரித்திரமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ராஜா ராணி கதை இல்லை. டேப் ரிக்கார்டர் கதை. நடுவில் எங்கள் பாட்டியும், ஒரு பாவமும் வரும்.

நாங்கள் 1980 ஜூனில் கல்லூரியில் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ எழுதி வந்த முதல் கோஷ்டி என்ற பெருமை எங்களுக்கு உண்டு. வரலாற்று வகுப்பில் முதல் பெஞ்சில் பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஒருவன் உட்கார்ந்திருப்பான். பெயரைப் போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான், போடவில்லை. அந்தக் காலத்துக்காரர்களுக்குத் தெரியும். பிறவியிலேயே பார்வை கிடையாது. மிஸ் ஆஸ்க்வித் என்ற ஆங்கிலேய அம்மையார் 1890ல் பாளையங்கோட்டையில் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியில் படித்தவன். வாத்தியார் பாடம் நடத்தும்போது ஒரு சட்டத்தில் கெட்டித் தாளை மாட்டி, ஊசியால் டக் டக்கென்று குத்திக்கொண்டே போவான். மழை தூறுகிற மாதிரி சத்தம். வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும், தாளைத் திருப்பிப் போட்டு இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். எங்களுக்கெல்லாம் அது பெரிய ஆச்சரியம்.

பள்ளிப் பாடங்களுக்குப் பிரெய்ல் புத்தகம் கொஞ்சமாவது கிடைத்தது. 1951ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக பாரதி பிரெய்ல் என்று ஒரே முறை வந்த பிறகு அச்சிடுவதும் சுலபமாயிற்று. ஆனால் பி.ஏ. சரித்திரத்துக்கு வேண்டிய ஆங்கிலப் புத்தகங்களை யார் பிரெய்லில் போட்டுத் தருவார்கள்? சாதாரணப் புத்தகம் ஒன்று பிரெய்லுக்கு மாறினால் நாலைந்து தலையணை அளவுக்குப் பெருத்துவிடும். ஆகவே யாராவது படித்துக் காட்டத்தான் வேண்டும். முதல் வருஷம் முழுக்க நாங்கள் முறை வைத்துப் படித்தோம். கபாலி கோயில் குளத்துப் படிக்கட்டில், நாகேஸ்வர ராவ் பார்க்கில், சில சமயம் ஹாஸ்டல் மொட்டை மாடியில். பரீட்சை நெருங்க நெருங்க நண்பர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். அவரவர்க்கு அவரவர் படிப்பு. அவன் யாரையும் குறை சொன்னதில்லை. "ஏலே, நீங்க ஒரு தடவ படிச்சா ஒங்களுக்கும் ஏறும், எனக்கும் ஏறும். ரெண்டாந்தடவ எனக்காவ மட்டும் படிக்கணும்லா, அதான் சங்கடம்" என்பான்.

ரெண்டாம் தடவை. விஷயம் அங்கேதான் இருந்தது. கண் உள்ளவனுக்குப் புத்தகம் எத்தனை தடவை வேண்டுமானாலும் திறந்துகொள்ளும். அவனுக்கு ஒவ்வொரு தடவையும் ஓர் ஆளின் தயவு வேண்டும்.

1981ல் அவனுடைய மாமா ஒருவர் பர்மா பஜாரில் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கிக் கொடுத்தார். செங்கல் மாதிரி தட்டையாக இருக்கும், தூக்கிக்கொண்டு போக ஒரு பிடி. முன்பக்கம் பியானோ கட்டை மாதிரி ஐந்தாறு பட்டன், அதில் ஒன்று மட்டும் சிவப்பு. கேஸட் போடும் மூடிக்குப் பக்கத்தில் மூன்று இலக்கத்தில் ஓர் எண் ஓடும். நாலு எவரெடி செல் போட வேண்டும். அப்போது பணக்கார வீடுகளில் இருந்த 'டூ இன் ஒன்' பளபளப்புக்கு முன்னால் இது பரமஏழை. ஆனால் அந்தச் சிவப்புப் பட்டன் இருந்ததே!

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1877ல் எடிசன் போனோகிராபைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷம் 'நார்த் அமெரிக்கன் ரிவ்யூ' என்ற பத்திரிகையில், இந்த யந்திரத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று பத்து உபயோகங்களை வரிசையாக எழுதினார். முதலாவது, கடிதம் சொல்லி எழுதுவது. இரண்டாவது, பார்வையற்றவர்களுக்குப் பேசும் புத்தகம். சங்கீதம் நாலாவது இடத்தில்தான் வருகிறது! ஐந்தாவது, குடும்பத்தாரின் குரல்களைப் பதிந்து பாதுகாப்பது. ஒன்பதாவது, வாத்தியார் சொல்லும் விளக்கத்தைப் பதிந்து வைத்து மாணவன் வேண்டும்போது கேட்டுக்கொள்வது. நாங்கள் குளத்துப் படிக்கட்டில் கண்டுபிடித்ததாக நினைத்ததை அந்த மனிதர் நூறு வருஷம் முன்பே எழுதி வைத்துவிட்டார்.

அவருடைய உருளை யந்திரம் பாடவும் செய்யும், பதியவும் செய்யும். அதற்குப் பின் 1887ல் பெர்லினர் கொண்டுவந்த தட்டு, அதுதான் நம் பாட்டி தாத்தாக்கள் வீட்டில் இருந்த கிராமபோன், பாட மட்டும்தான் செய்யும். பதிவது கம்பெனியின் வேலை, கேட்பது வீட்டில் இருப்பவர்களின் வேலை என்று ஆயிற்று. ஜனங்களுக்கு அதுவே பிடித்தும் போயிற்று. எடிசன் சொன்ன பேசும் புத்தகம் ஒழுங்காக வெளிவர 1930கள் ஆகிவிட்டன. அமெரிக்காவில் முதலில் வந்தது. இங்கிலாந்தில் 1935ல் வந்தது. அங்கே வந்த முதல் புத்தகங்களில் ஒன்று அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல். ஒரு நாவலுக்குப் பத்துத் தட்டு வரை ஆகும். அதுவும் நாவல் படிக்கத்தான். நம்மவன் கேட்கிற பாடப் புத்தகத்தைத் தட்டில் போட யாருக்குக் கட்டுப்படியாகும்?

பிறகு வந்தது கேஸட். 1963ல் பெர்லின் ரேடியோ கண்காட்சியில் பிலிப்ஸ் கம்பெனி அதை வெளியிட்டது. அந்தக் குழுவுக்குத் தலைவராக இருந்த லூ ஆட்டன்ஸ் என்ற எஞ்சினியர், யந்திரம் தன் கோட்டுப் பையில் அடங்க வேண்டும் என்று ஒரு மரக்கட்டையை அந்த அளவில் வெட்டி வைத்துக்கொண்டு வேலை செய்தாராம். அந்தக் கட்டை பிறகு, கார் டயர் மாற்றும்போது ஜாக்கிக்கு அடியில் முட்டுக் கொடுக்கப் போய்த் தொலைந்தே போயிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த முதல் யந்திரத்தில் பேட்டரியும் உண்டு, பதிகிற வசதியும் உண்டு. எண்பது வருஷம் கழித்து எடிசனின் பட்டன் திரும்பி வந்தது.

இனி மயிலாப்பூருக்கு வருவோம்.

எங்கள் 'ஸ்டுடியோ' கச்சேரி ரோட்டில் ஒரு சந்து வீட்டின் மாடி. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். ஆங்கிலம் அவர் வாயில் மணி மணியாக வரும். விஷயத்தைச் சொன்னதும், "பகல்ல தூங்கறதுக்கு இது தேவலை, கொண்டா" என்றார். நீலகண்ட சாஸ்திரியார் 1955ல் வெளியிட்ட தென்னிந்திய வரலாற்றை அவர்தான் படித்தார். தினம் மத்தியானம் ஒரு பக்கம், அதாவது கேஸட்டில் ஒரு பக்கம், நாற்பத்தைந்து நிமிஷம். புத்தகத்தில் அது சுமார் பதினைந்து பக்கம் வரும். மற்றப் புத்தகங்களை நாங்கள் சிலரும், எதிர்வீட்டு மாமி ஒருவரும் படித்தோம். மாமியிடம் முதல் நாள் பதிந்ததைப் போட்டுக் காட்டியபோது, "ஐயய்யோ, நானாடா இது! கிணத்துக்குள்ளேர்ந்து பேசறாப்பல இருக்கே" என்று வெட்கப்பட்டார். அதற்கப்புறம் மடிசார் கட்டிக்கொண்டு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார் என்றால் நீங்கள் நம்ப வேண்டும்.

இதில் சூட்சுமங்கள் நிறைய. பேட்டரி இறங்கியிருந்தால் மோட்டார் மெதுவாக ஓடும். அப்போது பதிந்ததைப் புது பேட்டரியில் போட்டால் எலிக் குஞ்சு மாதிரி கீச்சென்று ஓடும். இப்படி ஒரு மௌரிய சாம்ராஜ்யமே வீணாயிற்று. அடிக்குறிப்பைப் படிப்பதா விடுவதா என்று தனி விவாதம். ஒவ்வொரு அத்தியாயம் தொடங்கும்போதும் டம்ளரை ஸ்பூனால் ஒரு தட்டு தட்டுவோம். வேகமாக ஓட்டும்போது அது 'கீக்' என்று கேட்கும், அங்கே நிறுத்தலாம். பக்க எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கேஸட் உறையில் அவனே பிரெய்லில் குத்தி ஒட்டி வைப்பான். என்னைப் பற்றி அவன் அபிப்பிராயம்: "நீ படிக்கது கேக்க நல்லாத்தாம்லே இருக்கு. ஆனா கமாவுக்கு நிக்கவே மாட்டேங்க. டிரெயின் புடிக்கப் போறவன் கெணக்கா ஓடுத."

பின்னணி ஓசைகளுக்குக் குறைவில்லை. காக்காய், கீரைக்காரி, பக்கத்து வீட்டுக் குக்கர். பல்லவர் பகுதி ஒன்றில் பின்னால் அறுபத்துமூவர் உற்சவ மேளம் ஒலிக்கும். அதைக் கேட்டுக் கேட்டு மகேந்திரவர்மன் என்றாலே தனக்கு மேளம்தான் ஞாபகத்துக்கு வருகிறது என்பான்.

இதே ஊரில், இதே காலத்தில், சபாக் கச்சேரிகளில் அங்கவஸ்திரத்துக்கு அடியில் டேப் ரிக்கார்டரை ஒளித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களும் உண்டு. பாட்டு வாத்தியார்கள் சிலர் முதலில் சீறினார்கள், பிறகு தாங்களே "இந்தச் சங்கதியை டேப்புல போட்டுண்டு போ" என்று சொல்லத் தொடங்கினார்கள். அது தனிக் கட்டுரைக்கான சமாச்சாரம்.

இப்போது பாவத்துக்கு வருகிறேன்.

1983 பிப்ரவரியில் என் அக்கா கல்யாணம். பாட்டி நலங்குப் பாட்டும் ஊஞ்சல் பாட்டும் பாடுவாள் என்று வீட்டில் ஒரே உற்சாகம். பதிந்து வைக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். அவன் ரிக்கார்டரை உடனே எடுத்துக் கொடுத்துவிட்டான். புதுக் கேஸட் ஒன்று நான் வாங்கியிருந்தேன். கல்யாணச் சந்தடியில் அது எங்கே போயிற்றோ தெரியவில்லை. பைக்குள் கையை விட்டேன், ஒன்று அகப்பட்டது, போட்டேன். கேஸட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்குகள் இருக்குமே, அதை உடைத்துவிட்டால் சிவப்புப் பட்டன் அமுங்காது. நாங்கள் உடைப்பதில்லை. கேஸட் விலையை எண்ணி, பரீட்சை முடிந்ததும் அதிலேயே வேறு பாடம் பதியலாம் என்ற சிக்கனம். பட்டன் அமுங்கியது. பாட்டி பாடினாள். உறையில் அவன் குத்தி ஒட்டியிருந்த புள்ளிகள் என் விரலுக்குத் தட்டுப்படத்தான் செய்தன. எனக்குப் படிக்கத் தெரியாதே.

அது சோழர் கேஸட். ராஜராஜனில் தொடங்கி ஒரு பக்கம் ஏறக்குறைய முழுதும் போயிற்று.

இரண்டு நாள் கழித்து அவன்தான் கண்டுபிடித்தான். பரீட்சைக்குப் படிக்கப் போட்டால் பாட்டி பாடுகிறாள். என்னிடம் வந்து, "ஏலே, ராஜராஜனுக்கு நலங்கு வச்சுட்டாவ" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குப் பேச்சு வரவில்லை. பெரியவரிடம் ஓடினோம். அவருக்கு அந்த வாரம்தான் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. பச்சைத் துணி மறைப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நானும் உன் கட்சியிலே சேர்ந்துட்டேண்டா" என்று அவனிடம் சொன்னார். நான் அன்று ராத்திரியே அந்தப் பகுதியைப் படித்துக் காட்டினேன். ஒரே தடவை. ரெண்டாம் தடவைக்கு எனக்கு நேரமில்லை, எனக்கும் பரீட்சை.

தேர்வு எழுத அவனுக்கு ஒரு பையன் உதவிக்கு இருந்தான். இவன் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். தென்னிந்திய வரலாற்றுத் தாளில் அவனுக்குக் கிடைத்தது முதல் வகுப்புக்கு மூன்று மார்க் குறைவு. அந்த மூன்றுக்கும் அந்தக் கேஸட்டுக்கும் சம்பந்தம் உண்டா என்பதை நாங்கள் இருவரும் நாற்பது வருஷமாகப் பேசியதில்லை.

அப்புறம் அவன் பி.எட். முடித்து, தெற்கே ஓர் அரசுப் பள்ளியில் சரித்திர ஆசிரியரானான். வகுப்புக்கு அந்தச் செங்கல்லையும் தூக்கிக்கொண்டு போவான். பாடத்தைப் போட்டுக் காட்டுவதற்காக என்று நினைப்பீர்கள். இல்லை. பையன்களிடம் கொடுத்தனுப்புவான். "ஒங்க தாத்தாட்ட போய், இந்தக் கொளத்த யார் வெட்டுனா, முந்தி எந்த மடையில தண்ணி பாஞ்சுதுன்னு கேட்டுப் பதிஞ்சுட்டு வாலே." திங்கட்கிழமை வகுப்பில் தாத்தாக்கள் பேசுவார்கள். படிப்பில் கடைசி பெஞ்சாக இருந்தவன்தான் நன்றாகப் பதிந்து வருவானாம். எந்தக் கல்வி இலாகாவும் அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதற்கிடையில் உலகத்தில் யந்திரம் சிறுத்துக்கொண்டே வந்தது. நாங்கள் கல்லூரியில் சேர்வதற்கு ஒரு வருஷம் முன்பே, 1979 ஜூலை முதல் தேதி, சோனி கம்பெனி ஜப்பானில் வாக்மேனை வெளியிட்டிருந்தது. பத்திரிகைக்காரர்கள் பேட்டி பதிவதற்காக விற்றுவந்த ஒரு சின்ன ரிக்கார்டரை எடுத்து, பதிகிற பாகத்தைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோ ஹெட்போனைச் சேர்த்துச் செய்ததுதான் அது. வளைகுடாவிலிருந்து வந்த ஒரு மாமா எங்கள் தெருவுக்கு ஒன்றைக் கொண்டுவந்தபோது, நான் அதை நண்பனின் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தான். "எல்லாம் நல்லாருக்கு. சேப்புப் பட்டன் எங்கலே?" என்றான். சிவப்பு என்று அவனுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்ததுதான். இல்லை என்றேன். திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அதே கதை 2001 அக்டோபரில் வந்த ஐபாடுக்கும். ஆயிரம் பாட்டு சட்டைப் பையில். பதிவது மட்டும் கிடையாது. 2004ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர்கள் ஆயிரத்து அறுநூறு பேருக்கு மேல் ஆளுக்கொரு ஐபாட் இலவசமாகக் கொடுத்தது. படிப்புக்குப் பயன்படுமா என்று பார்க்கத்தான். கூடவே குரல் பதியும் ஒரு சின்னக் கருவியையும் தனியாக மாட்டிக் கொடுத்தார்கள். வருஷ முடிவில் கணக்கெடுத்தபோது, படிப்புக்காக மாணவர்கள் அதிகம் பயன்படுத்தியது அந்தப் பதியும் வசதியைத்தான் என்று தெரிந்தது. செய்தியைப் படித்ததும் போன் செய்து சொன்னேன். "அமெரிக்காக்காரன் லேட்டு" என்றான்.

பார்வையற்றோருக்கான படிப்பில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது டெய்ஸி என்ற முறை. ஸ்வீடனில் ஆரம்பித்தது, 1996ல் பல நாடுகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாயிற்று. ஒலிப் புத்தகத்தில் அத்தியாயம் அத்தியாயமாக, பக்கம் பக்கமாகத் தாவிப் போகலாம். எங்கள் டம்ளர் தட்டுக்கு வந்த முறையான வாரிசு என்று சொல்ல வேண்டும். சட்டமும் மெதுவாக வழிக்கு வந்தது. ஒரு புத்தகத்தைப் பார்வையற்றவர்களுக்காகக் குரலில் பதிந்து பலருக்கும் கொடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்லும் விதி நம் நாட்டில் 2012ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் வந்தது. 2013ல் மொராக்கோவில் மராகேஷ் நகரில் இதற்கென்றே உலக ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2014ல் அதை எல்லோருக்கும் முந்தி உறுதி செய்த நாடு இந்தியா. அப்படிப் பார்த்தால் தபால்காரப் பெரியவரும் மடிசார் மாமியும் சட்டத்துக்கு முப்பது வருஷம் முன்னால் நடந்தவர்கள்.

2018ல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடப் புத்தகங்களில் க்யூ.ஆர். கட்டம் போட்டு, போனைக் காட்டினால் பாடம் ஓடும்படி செய்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் 2020ல் பள்ளிகளை மூடியபோது பார்த்தேன், என் தங்கை மகள், அவளும் டீச்சர், சமையலறையில் நின்றுகொண்டே வாட்ஸ்அப்பில் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் குக்கர் விசில்.

போன டிசம்பரில் அவன் சென்னை வந்திருந்தான். ஓய்வு பெற்றாகிவிட்டது. கையில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே அந்தச் சோழர் கேஸட். அதில் அவன் மறுபடி எதையும் பதியவே இல்லையாம். "ஒங்க பாட்டி போயிட்டாவள்லா, அதான் அழிக்க மனசு வரல" என்றான். பாட்டி 1985ல் தவறிவிட்டாள். அவள் குரல் வேறு எதிலும் எங்கள் வீட்டில் கிடையாது.

ரிச்சி தெருவில் கொடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். நாடாவில் கொஞ்சம் பூஞ்சை, அங்கங்கே இழுக்கிறது. அக்காவைக் கூப்பிட்டு மூன்று பேருமாக உட்கார்ந்து கேட்டோம். பாட்டி பாடுகிறாள், யாரோ குழந்தை அழுகிறது, அம்மா "காபி யாருக்கு" என்று கேட்கிறாள். ஊஞ்சல் முடிந்து ஒரு க்ளிக். அதற்குப் பிறகு, அழியாமல் தப்பிய கடைசி இரண்டு மூன்று நிமிஷம், பெரியவர் பாதி வாக்கியத்திலிருந்து தொடர்கிறார். தஞ்சாவூர், கங்கைகொண்டசோழபுரம் எல்லாம் வருகிறது. பக்க எண் சொல்கிறார். டம்ளர் சத்தம்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். இவன் போனை எடுத்து என் பக்கம் நீட்டினான். "நடுவுல போன பதினஞ்சு பக்கம் பாக்கி இருக்குலே. கமாவுக்கு நின்னு படி."

புத்தகம் அலமாரியில்தான் இருந்தது. எடுத்து வந்தேன். இதுவரை ஒன்பது பக்கம் ஆகியிருக்கிறது.